ரொட்டி அடுப்பில் போட்ட காகிதம்

லபூயான், போஹோல் தீவு
1959 மார்ச் 9

அன்புள்ள தம்பி அன்செல்மோவுக்கு,

அக்கா பெத்ரா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ கப்பல் மேல்தட்டில் மழையில் நனைந்துகொண்டே மணிலாவுக்குத் திரும்பினாயே, சளி விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பாவின் நாற்பதாம் நாள் ஜெபம் நேற்று முடிந்தது. ஊரே வந்தது. முனிசிபல் கிளார்க் தியோதுலோவும் வந்தார். இரண்டு தட்டு பன்றிக்கறி சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்தி, அதற்கப்புறம்தான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "நான் என்னம்மா பண்ணட்டும், மேலேருந்து வந்திருக்கு" என்றார். மேலேயிருந்து வருவதெல்லாம் ஏன் சாப்பிட்டு முடித்த பிறகே வருகிறது என்று கேட்க நினைத்தேன், துக்க வீடாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் போட்ட சில்லறை வியாபாரச் சட்டம்தான். சீனர் புதிதாகக் கடை வைக்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர் சாகும்வரை நடத்தலாம். செத்த பிறகு, வாரிசுகளும் சீனராக இருந்தால், ஆறு மாதத்தில் சரக்கை விற்று மூடிவிட வேண்டும். அப்பா ஜனவரி 28இல் போனார். ஜூலை 28 கடைசி நாள். அப்பா இருந்தவரை அந்தச் சட்டம் நம் வீட்டுக்கு வராமல் வாசலிலேயே நின்றிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

அம்மா பயப்படவே இல்லை. காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய ஜனாதிபதியின் படத்தைக் காட்டிச் சிரித்தாள். "அவரு நம்ம தீவுக்காரரு. ஃபிலிப்பினோவுக்குத்தான் முதலிடம்னு ரேடியோவுல தினம் சொல்றாங்க. என் ரெண்டு புள்ளைங்களும் இந்த மண்ணுல விழுந்ததுங்க. முதல்ல நிக்கறதுன்னா இதுங்கதானே நிக்கணும்?" என்கிறாள். தியோதுலோ தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

நீ வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறாய். உங்கள் பெரியவரைக் கேட்டு எழுது. கொப்பரையும் கருவாடும் மண்ணெண்ணெயும் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. பதினாறு வயதிலிருந்து இந்தக் கடையில்தான் நிற்கிறேன். இதை மூடினால் நான் எங்கே போய் நிற்பது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
பெத்ரா ஓங்

மணிலா
1959 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நீ அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. அறை முழுக்க மணக்கிறதென்று வீட்டுக்காரம்மா சண்டைக்கு வந்தாள். நான்கு கொடுத்ததும் சமாதானமாகிவிட்டாள்.

பெரியவரிடம் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்கே பிறந்தோம் என்பது கணக்கில்லையாம், யாருக்குப் பிறந்தோம் என்பதே கணக்காம். அப்பா சீனக் குடிமகன். முறையாகத் திருமணம் செய்தவருக்குப் பிறந்த பிள்ளைகள் நாம். ஆகவே நாமும் சீனர். அம்மா இந்த நாட்டுக்காரி என்பதால் நமக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கிறது. இருபத்தொரு வயதானதும் அலுவலகத்துக்குப் போய், "நான் ஃபிலிப்பினோவாக இருக்க விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். உனக்கு முப்பத்தைந்து, எனக்கு இருபத்தொன்பது. காலம் கடந்துவிட்டது என்கிறார். மூச்சு விட விரும்புகிறேன் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

இங்கே எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. மதியம் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எங்கள் ஆபீஸ் ரூஃபோ, "ஃபிலிப்பினோவுக்குத்தான் முதலிடம். சீனாக்காரா, பின்னாடி போ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். ரூஃபோ நல்லவன்தான், அன்றைக்குத் தன் மீனில் பாதியை எனக்குக் கொடுத்தான்.

பெரியவர் ஒரு வழி இருக்கிறது என்கிறார். அதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் நீ எனக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அம்மா அப்பா திருமணப் பதிவேடு ஜப்பான்காரன் சண்டையில் கோயிலோடு எரிந்துவிட்டது, இல்லையா? முனிசிபல் ஆபீசில் ஏதாவது மிஞ்சியதா? திருமணம் செய்து வைத்த சாமியார் உயிரோடு இருக்கிறாரா? அம்மாவிடம் தனியாகக் காகிதம் ஏதாவது உண்டா?

அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

உன் தம்பி,
அன்செல்மோ ஓங்

லபூயான்
1959 ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் இருமலுக்கு இஞ்சியும் பனங்கட்டியும் சேர்த்துக் கொதிக்கவைத்துக் குடி. வெயில் மண்டையைப் பிளக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு அது நல்லதாகத்தான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில். கோயிலும் எரிந்தது, முனிசிபல் ஆபீசும் எரிந்தது. ஸ்பானியச் சாமியார் நாற்பத்து மூன்றில் காட்டில் ஒளிந்திருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். ஆனால் அம்மாவிடம் சாமியார் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இருக்கிறது. பெட்டியில், தன்னை அடக்கம் செய்யும்போது உடுத்தவென்று மடித்து வைத்திருக்கிறாளே வெள்ளைச் சட்டை, அதற்கடியில். இதெல்லாம் எதற்குக் கேட்கிறாய்?

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா விடுவாளா? உனக்கும் மனப்பாடம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். அப்பா பெண் கேட்டபோது, "ஞானஸ்நானம் வாங்கு, பலிபீடத்துக்கு வா, அப்புறம் பேசலாம்" என்றாளாம். அப்பா மூன்று மாதம் கடையை மூடிவிட்டுச் சாமியாரிடம் ஜெபம் படித்தாராம். விசுவாசப் பிரமாணத்தை நடுவில் மறந்துபோய்ச் சீனத்தில் முணுமுணுத்து ஒப்பேற்றினாராம். அதே வருஷம் ரொட்டிக்கடை பினிங் ஒரு மந்திரமும் இல்லாமல் சீன ரொட்டிக்காரர் கோ லாயோடு குடிபோய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. ரொட்டி மட்டும் வேண்டும், வாங்கப் போவது நான். மாதர் ஜெப சபையின் சிவப்பு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கோயிலில் முன் வரிசையில் பினிங் உட்காராமல் இத்தனை வருஷம் காவல் காத்தவள் நம் அம்மா.

இப்போது முக்கியமான விஷயம். அம்மா ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அவர் நம் பேச்சில் பாட்டெழுதுகிறவராமே, அதனால் இவளும் பாட்டாகவே எழுதியிருக்கிறாள். நான்கு நாள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அடித்துத் திருத்திய படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நல்ல படியை உனக்கு அனுப்பச் சொன்னாள். "தபால்ல போட்டா நடுவுல யாராவது பிரிச்சுடுவான். செல்மோவை மாளிகைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லு. நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு" என்றாள். இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு எழுது.

உன் அக்கா,
பெத்ரா

மணிலா
1959 மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவையும் உன்னையும் கடவுள் காப்பாற்றட்டும்.

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். திருமணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் தாயின் நாட்டைச் சேர்ந்தவர்கள். அதுதான் சட்டம். பினிங்கின் பிள்ளைகளைப் பார். நம்மைப் போலவே அவர்களுக்கும் சீன மூக்குதான். ஆனால் அவர்கள் பிறந்த நாளிலிருந்தே ஃபிலிப்பினோக்கள். கோ லாய் செத்தபோது ரொட்டிக்கடை ஒரு நாள்கூட மூடவில்லை. அம்மா அப்பாவைக் கோயிலுக்கு இழுத்துப் போகாமல் இருந்திருந்தால் இன்று நமக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பெரியவர் சொல்லும் வழி இதுதான். தனக்கும் ஓங் புன் தெக்குக்கும் திருமணம் நடக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காலத்து ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். பதிவேடு இல்லை, சாமியார் இல்லை. அம்மாவின் சொல்தான் எல்லாம். அதனால் அந்தக் காகிதம் இருக்கக் கூடாது, அக்கா.

நான் எழுதியதை நானே படித்துப் பார்க்கிறேன். இது சரியென்று சொல்லவில்லை. ஜூலை 28க்கு இன்னும் பன்னிரண்டு வாரம்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவின் கடிதம் பத்திரமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி,
அன்செல்மோ ஓங்

லபூயான்
1959 ஜூன் 12

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் உனக்குப் பதில் எழுதவில்லை. தபால்காரர்மேல் பழி போட வேண்டாம், எழுதக் கை வரவில்லை. பெற்ற தாயிடம் "நீ வைப்பாட்டி என்று எழுதிக் கொடு" என்று கேட்கச் சொல்ல, வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்போல. உன் கடிதத்தைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். அம்மா சர்க்கரை போட்டுக் காப்பி குடிப்பதில்லை என்பதால் அங்கே வைத்தேன். போன வாரம் விருந்தாளி வந்தார், அவருக்குக் காப்பி போட அம்மா டப்பாவைத் திறந்துவிட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். சாயங்காலம் ஜெபமாலை சொன்னாள், சாப்பிட்டாள், படுத்தாள். மறுநாள் காலை தலை வாரிக்கொண்டு, கோயிலுக்குப் போகும் பாவாடையை உடுத்திக்கொண்டு, தெருவைக் கடந்து பினிங்கின் ரொட்டிக்கடைக்குள் போனாள். கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த ரொட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பினிங் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்ன வேணும்?"

"சாட்சி வேணும்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"நானும் உன்னை மாதிரிதான்னு சொல்றதுக்கு."

பினிங் கையைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "முப்பத்தேழு வருஷமா, நீ என்னை மாதிரி இல்லேன்னு ஊரெல்லாம் சொன்னியே செவெரினா. அதுக்குச் சாட்சி தேடலையே" என்றாள்.

"தேடல."

"என் மூத்தவன் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டேன்."

"கூப்பிட்ட. நான் வரல."

"கோ லாய் செத்தப்போகூட வரல. உன் வீட்டுக்காரரு மட்டும் வந்தாரு. பின்வாசலா வந்து, உக்காந்து அழுதுட்டுப் போனாரு. உனக்குத் தெரியுமா?"

அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அம்மா நின்றுகொண்டே இருந்தாள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பினிங்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். முக்காலியைக் காலால் தள்ளினாள். "உக்காரு. இப்பதான் எடுத்தேன், சூடா இருக்கு. தின்னுட்டுப் பேசு" என்று ஒரு ரொட்டியை எடுத்து வைத்தாள்.

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாள். நீ காகிதத்தை எழுதி அனுப்பு.

பெத்ரா

மணிலா
1959 ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். வாக்குமூலத்தை இத்துடன் அனுப்புகிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்தாக வேண்டும். மூன்று விஷயம் மட்டும் கவனி.

ஒன்று, நாம் இனி அம்மாவின் குடும்பப் பெயரைத்தான் போட வேண்டும், லுமாயாக் என்று. கடைப் பலகையிலும் அப்படியே. இரண்டு, அப்பாவின் கல்லறைக் கல்லில் "செவெரினாவின் கணவர்" என்று வெட்டியிருக்கிறோமே, விசாரிக்க யாராவது வந்தால் அது கண்ணில் படும். கொத்தனாரிடம் சொல்லிச் சாந்து பூசிவிடு. மூன்று, அப்பாவின் சீனர் பதிவு அட்டையில் "மணமானவர்" என்று பதிவாகியிருக்கிறது. அதற்கு என்ன செய்வதென்று கேட்டேன். சீனாவில் ஒரு மனைவி இருந்தாள் என்று எழுதிவிடலாம், பலருக்கும் அப்படித்தானே என்றார் பெரியவர். அதையும் சேர்த்திருக்கிறேன்.

ஆபீசில் லீவு கிடைக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்செல்மோ

லபூயான்
1959 ஜூலை 8

தம்பிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு லேசான காய்ச்சல், பயப்படும்படி இல்லை. உன் இருமல் என்ன ஆயிற்று?

மூன்றாம் தேதி வேலை முடிந்தது. மறுநாள் சுதந்திர தினம் என்பதால் முனிசிபல் ஆபீசில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் நின்றவன், கொடிக்கயிறு பிடித்தவன், வரி கட்ட வந்தவன் எல்லோருக்கும் காது நம் பக்கம்தான். நோட்டரி முன்னால் தியோதுலோ உரக்கப் படித்தார். "செவெரினா லுமாயாக், மணமாகாதவர்" என்று படித்துவிட்டு நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். நாற்பதாம் நாள் சாப்பாடு அவர் வயிற்றில் என்ன செய்ததோ தெரியவில்லை, குரல் இறங்கிப்போயிற்று. "மெதுவாப் படிக்காதீங்க. கேக்கணும்னு வந்திருக்காங்க, கேக்கட்டும்" என்றாள் அம்மா.

அதுவரை அசையவில்லை. சீனாவில் முதல் மனைவி என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள். என்னிடம் திரும்பி, "நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். அந்த மனுஷன் தலையில எதுக்குடி இன்னொருத்தியைக் கட்டறீங்க? அவருக்கு என்னை விட்டா யாரும் இல்ல" என்றாள். பினிங் அத்தைதான் பேசினாள். "சொல்லிடு செவெரினா. அவரு சிரிச்சுக்குவாரு. ஒருத்தியைக் கட்டி மேய்க்கவே அவருக்கு உயிர் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்." அம்மா சிரித்துவிட்டாள், தம்பி. அழுதுகொண்டே சிரித்தாள். அப்படியே கையெழுத்துப் போட்டாள். மோதிரத்தைக் காலையில் சோப்புப் போட்டுக் கழற்றியிருந்தோம். அது பினிங் அத்தையின் கைக்குள் இருந்தது.

திரும்பும் வழியில் ரொட்டிக்கடையில் உட்கார்ந்தோம். அம்மா இடுப்பிலிருந்து பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து, பிரிக்காமலே ரொட்டி அடுப்பில் போட்டாள். எரிந்து முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இனிமேல் நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

கல்லறையில் சாந்து பூசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதர் சபையிலிருந்து ஆள் வந்து சிவப்பு நாடாவைக் கேட்டார்கள். வைப்பாட்டியாக இருந்தவள் போடக் கூடாதாம். அம்மா அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தாள்.

ஜனாதிபதியிடமிருந்து பதில் வந்ததா என்று அம்மா இப்போதெல்லாம் கேட்பதில்லை. அந்தக் கடிதத்தைக் கொடுத்தாயா இல்லையா என்று நீயும் இதுவரை எழுதவில்லை.

பெத்ரா

மணிலா
1959 ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் நல்ல சுகத்தோடு இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நல்ல செய்தி. குடியேற்ற இலாகா வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. நாம் பிறந்த நாளிலிருந்தே ஃபிலிப்பினோக்கள் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். மனு நிலுவையில் இருந்ததால்தான் ஜூலை 28 தாண்டியும் மூடச் சொல்லவில்லை, இனிக் கடையை யாரும் தொட முடியாது. தியோதுலோவுக்கும் நகல் வரும். ரூஃபோவிடம் காட்டினேன். வரிசையில் எனக்கு இடம் விட்டு, "முதல்ல போங்க துரையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை ஏனோ எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆன்மாக்கள் திருநாளுக்கு லீவு சொல்லிவிட்டேன். நவம்பர் முதல் தேதி அங்கே இருப்பேன். அப்பாவின் கல்லறைக்கு மூவரும் சேர்ந்து போவோம். அம்மாவுக்கு மணிலாவிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அன்செல்மோ லுமாயாக்

லபூயான்
1959 அக்டோபர் 10

அன்புள்ள தம்பிக்கு,

என் தந்தி கிடைத்தது என்று உன் தந்தி சொன்னது. புயலில் கப்பல் விடவில்லை என்றால் அடக்கத்துக்கு நீ எப்படி வருவாய்? உன்மேல் வருத்தமில்லை. சாப்பிடாமல் இருக்காதே.

ஜூலையில் லேசான காய்ச்சல் என்று எழுதினேன். லேசானதல்ல. விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "புள்ளைக்கு இப்பதான் நல்லது நடக்குது, கெடுக்காத" என்றாள். உன் நல்ல செய்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கையெழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். லுமாயாக் என்பதை விரலால் தடவினாள்.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவள் பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. கோயிலுக்குப் போவாள், பினிங் அத்தையோடு கடைசி வரிசையில் உட்காருவாள், எல்லோரும் அதை வாங்க எழுந்து போகும்போது இவள் உட்கார்ந்திருப்பாள். ஊரார் அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். கடைசி வாரத்தில் இளம் சாமியாரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். "வந்தா என்னடி சொல்றது? பொய்ச் சத்தியம் பண்ணேன்னு சொன்னா, அதைத் திருத்துன்னு சொல்வாரு. திருத்தினா கடை போயிடும். சொல்லாம மன்னிப்பு வாங்கினா அது இன்னொரு பொய். ரெண்டும் வேணாம், நான் நேரா மேல போயே பேசிக்கறேன்" என்றாள். பாவசங்கீர்த்தனம் இல்லாமலே போனாள், செல்மோ. சண்டைக் காலத்தில்கூட ஒரு வெள்ளிக்கிழமை விடாதவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு உடுத்த அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். நானும் பினிங் அத்தையும்தான் உடுத்தினோம். இடது மார்புப் பக்கம் உள்ளே ஏதோ தடித்திருந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தேன். சாமியார் கையெழுத்துப் போட்ட திருமணக் காகிதம்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அப்ப அன்னிக்கு அடுப்புல எரிஞ்சது என்ன அத்தை?" என்றேன். அத்தைக்குத் தெரிந்திருந்தது. ஜனாதிபதிக்கு எழுதிய பாட்டின் அடித்துத் திருத்திய படியாம். இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புக் காகிதம். அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "அங்க போயி அவரைத் தேடினா, நீ யாருன்னு வாசல்ல கேப்பாங்க இல்ல பினிங்? கையில ஒண்ணு இருக்கட்டும்."

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். விசாரணை திரும்ப வந்தால் என்ன ஆகும் என்று வக்கீல் ஆபீசுக்காரனான நீ கேட்பாய். நான் காத்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டேன். நூல் கோக்க எனக்குக் கண் தெரியவில்லை, அத்தைதான் கோத்துக் கொடுத்தாள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. மணமாகாதவர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சுவரோரமாக வைத்தோம். அப்பாவிடமிருந்து பதினெட்டுத் தப்படி. எண்ணிப் பார்த்தேன்.

கடை திறந்துதான் இருக்கிறது.

உன் அக்கா,
பெத்ரா

மணிலா
1959 அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இப்போது அதைக் கேட்க நீ ஒருத்திதான் இருக்கிறாய். பினிங் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்.

தைத்தது நல்லது. நான் அங்கே இருந்திருந்தால் பிரித்து எடுத்திருப்பேன், அதனால் நான் இல்லாமல் போனதும் நல்லதுதான்.

நீ கேட்டும் நான் பதில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மாவின் கடிதத்தை நான் மாளிகைக்குக் கொண்டுபோகவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். அங்கே நின்று ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அதைக் கொடுத்திருந்தால் நம் வழக்கு அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். கடைசி வரியில் அம்மா எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கடைசிவரை அவள் பதிலுக்குக் காத்திருந்திருப்பாள். அதை நான் எங்கே போய்ச் சொல்வது?

முதல் தேதி வருகிறேன். அசல் என்னிடம் இருக்கிறது, அவள் தலைமாட்டில் ஒரு தடவை படிக்க வேண்டும். அதற்கு முன் நீயும் படி. எழுத்து மாறாமல் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
அன்செல்மோ ஓங்

மேதகு ஜனாதிபதிக்கு, லபூயானிலிருந்து

கடல் சூழ்ந்த நம் தீவில் பிறந்தவரே, சுகமா?
நம் பேச்சில் எழுதுகிறேன், உமக்குப் புரியும்.
முதலில் வீட்டாருக்கு என்கிறீர், அது நியாயம்.
என் வீட்டார் இரண்டு பேர், இங்கேதான் பெற்றேன்.
கடல் தாண்டி வந்தவர் ஒருவர், இங்கேதான் உழைத்தார்.
ஜனவரியில் புதைத்தோம், மண் வாங்கிக்கொண்டது.
யார் நீ, எந்த ஊர் என்று அது கேட்கவில்லை.
நீரும் கேட்காதிரும். பதில் போடும்.
கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செவெரினா,
லபூயான் கோயில் பலிபீடத்தின் முன், ஊரறிய மோதிரம் மாற்றிய,
ஓங் புன் தெக்கின் மனைவி